கூப்பிட்டா வருமா? குரலக் கேக்குற கம்ப்யூட்டர் செல்லப்பிராணில எத வெச்சுக்கலாம்

போன ரெண்டு மாசத்துல என் லேப்டாப் ஸ்கிரீன்ல ஒரு கிளி, ஒரு பூனை, ரெண்டு நாய், என்ன மிருகம்னே சொல்ல முடியாத ஒரு பஞ்சு உருண்டை எல்லாம் வந்து குடியிருந்துட்டு போயிருக்கு. காரணம் அக்கா பொண்ணு. எட்டு வயசு, நாய் வேணும்னு ஒரே அடம், வீட்ல ஒத்துக்கல, கடைசியில "மாமா, கம்ப்யூட்டர்லயாச்சும் ஒண்ணு போட்டுக் குடுங்க, ஆனா நான் கூப்பிட்டா அது வரணும்"னு கண்டிஷனோட வந்து நின்னா. மவுஸால தடவினா வாலாட்டுற நாய்க்கு பஞ்சமே இல்ல, 1995லயே டாக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வந்து அடுத்த வருஷமே பூனைக்குன்னு கேட்ஸும் வந்தாச்சு. ஆனா கூப்பிட்டா வர்ற நாய்னு தேட ஆரம்பிச்சாதான் இதுல எத்தன வகை இருக்கு, எவ்ளோ பூச்சுற்றல் இருக்குன்னு தெரியுது. நான் பட்டத சொல்றேன், உங்களுக்கு எது ஒத்துவரும்னு நீங்களே பாத்துக்கோங்க.

மொதல்ல ஒண்ணு. "வாய்ஸ் ரெகக்னிஷன் உண்டு"ன்னு எழுதியிருந்தா அப்பிடியே நம்பிடாதீங்க. அந்த ஒரே வார்த்தைக்குள்ள சம்பந்தமே இல்லாத மூணு நாலு சமாச்சாரத்த திணிச்சு வெச்சிருக்காங்க.

ரொம்ப எளிசானது, சத்தத்த மட்டும் கேக்குறது. 2010ல வந்த டாக்கிங் டாம் பூனைய எல்லாரும் பாத்திருப்பீங்க. நீங்க பேசுறத பதிவு பண்ணும், நீங்க நிறுத்தினதும் சுருதிய ஏத்தி கீச்சுக்குரல்ல திருப்பிச் சொல்லும், அவ்ளோதான். அதுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, தெரியவும் வேணாம், சத்தம் எப்ப ஆரம்பிச்சுது எப்ப நின்னுதுன்னு தெரிஞ்சா போதும். அதனாலயே எந்த மொழில பேசினாலும் வேலை செய்யும், தும்மினா அதுவும் தும்மும், தப்பாப் புரிஞ்சுக்கிச்சுன்னு ஒருத்தரும் குறை சொல்ல முடியாது ஏன்னா அது புரிஞ்சுக்கவே முயற்சி பண்ணல. சின்னப் பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். எங்க வீட்ல மூணு நாள் ஓடிச்சு, நாலாவது நாள் "மாமா, இது நான் சொன்னதயே சொல்லுது, இதுக்குத் தானா ஒண்ணும் தெரியாதா"ன்னு கேட்டுட்டா. நாலு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்குன்னா இது தாராளம், அதுக்கு மேல தேறாது.

இந்த எடத்துல ஃபர்பி ஞாபகம் வருது. 1998ல வந்த அந்த பொம்மை மொதல்ல தன் சொந்த பாஷைல உளறும், நாளாக நாளாக இங்கிலீஷ் பேசும், உடனே எல்லாரும் நம்மகிட்ட கேட்டுக் கேட்டு கத்துக்குதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. உண்மைல எந்தக் கட்டத்துல என்ன சொல்லணும்ங்கிறது முன்னாடியே உள்ள எழுதி வெச்சது, நம்ம பேச்சுல ஒரு எழுத்தக்கூட அது எடுத்துக்கல. அமெரிக்காவோட தேசிய பாதுகாப்பு முகமையே இது ரகசியத்தப் பதிவு பண்ணிடுமோன்னு பயந்து தன் ஆஃபீசுக்குள்ள ஃபர்பி கொண்டுவரக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. ஒரு வார்த்தையும் பதிவு பண்ணத் தெரியாத பொம்மைக்கு அவ்ளோ மரியாதை. செல்லப்பிராணி விஷயத்துல நாம பாதிய நாமளே கற்பனைல ரொப்பிக்கிறோம், அத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி இது உதவும்.

ரெண்டாவது வகை, எண்ணி வெச்ச வார்த்தைங்கள மட்டும் தெரிஞ்ச பிராணி. வா, உக்காரு, படு, பந்து, போதும், இந்த மாதிரி பத்துப் பதினஞ்சு கட்டளை. இது பழைய சரக்கு. 1997ல மைக்ரோசாஃப்ட் ஏஜென்ட்னு ஒண்ணு வந்துச்சு, அதுல பீடின்னு ஒரு பச்சக் கிளி, மெர்லின்னு ஒரு மந்திரவாதி எல்லாம் உண்டு, ஸ்க்ரோல் லாக் கீய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பேசினா கேக்கும். கீபோர்டுல அந்த கீய உருப்படியா உபயோகிச்ச ஒரே சாஃப்ட்வேர் அதுதான்னு நெனைக்கிறேன். விண்டோஸ் 7லேர்ந்து அத சேத்துக் குடுக்குறத நிறுத்திட்டாங்க. ஆனா அந்த யோசனை சாகல, இப்ப வோஸ்க் மாதிரி, பேச்ச எழுத்தா மாத்துற ஓப்பன் சோர்ஸ் எஞ்சின வெச்சு ஆளாளுக்கு டெஸ்க்டாப் நாய் பண்றாங்க. சின்ன மாடல் சுமார் 50 எம்பி அளவுதான், இன்டர்நெட்டே வேணாம், பழைய லேப்டாப்லயும் ஓடும், நீங்க பேசப் பேசவே கூடவே கேட்டுக்கிட்டு வரும். நண்பன் ஒருத்தன் சும்மா பொழுதுபோக்குக்கு எழுதின ஒரு நாய எனக்குக் குடுத்தான், அதுக்குத் தெரிஞ்சது பதினாலு வார்த்தை.

வார்த்தை கம்மின்னா மட்டமான சாஃப்ட்வேர்னு நெனைக்காதீங்க, நானும் அப்பிடித்தான் நெனச்சேன், விஷயம் நேர் எதிர். உலகத்துல உள்ள எல்லா வார்த்தையிலேர்ந்தும் நீங்க சொன்னது எதுன்னு கண்டுபிடிக்கிறத விட, பதினாலுல எதுன்னு கண்டுபிடிக்கிறது எவ்ளோ லேசு. வாய்க்குள்ள முணுமுணுத்தாக் கூட சரியா எடுத்துக்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதுக்கு அந்தப் பதினாலத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுங்கறதால, இருமல் வந்தாலும் கதவு சாத்தினாலும் அந்தப் பதினாலுல எதோ ஒண்ணுன்னு முடிவு பண்ணிடும். மொத நாள் நான் ஃபோன்ல யார்கிட்டயோ பேசிட்டிருக்கேன், இது பாட்டுக்கு உக்காருது எந்திரிக்குது உருளுது, சர்க்கஸ் மாதிரி. இதுக்கு மருந்து ரெண்டு. பட்டியல்ல இல்லாத சத்தத்த "தெரியாத வார்த்தை"ன்னு ஒதுக்குறதுக்கு ஒரு எடம் விட்டு வெக்கணும், அப்புறம் இத்தன சதவீதம் நிச்சயமா இருந்தாத்தான் செய்னு ஒரு வரம்பு வெக்கணும். நீங்க வாங்கப் போற எதுலயும் செட்டிங்ஸ்ல சென்சிட்டிவிட்டின்னோ கான்ஃபிடன்ஸ்னோ ஒரு ஸ்லைடர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அத விட்டுட்டு அடுத்ததப் பாருங்க.

இதுல இன்னொரு கிளை உண்டு, நீங்களே வார்த்தை சொல்லிக் குடுக்குறது. நின்டென்டாக்ஸ் இதுக்கு நல்ல உதாரணம், 2005ல நின்டென்டோ டிஎஸ்ல வந்தது, கிட்டத்தட்ட 2.4 கோடி பிரதி வித்துச்சு. நாய்க்குட்டி உக்காந்ததும் ஸ்கிரீன்ல ஒரு அடையாளம் வரும், அப்ப அதத் தட்டி வார்த்தையச் சொல்லணும், ஒரே மாதிரி நாலஞ்சு தடவ சொன்னா பதிஞ்சுடும். அந்த வார்த்தை எந்த மொழியா வேணா இருக்கலாம், அர்த்தமே இல்லாத சத்தமாக் கூட இருக்கலாம், ஏன்னா அது வார்த்தையத் தேடல, உங்க சத்தத்தோட ஜாடையத்தான் முன்ன சொன்னதோட ஒட்டிப் பாக்குது. "உருளு"க்கு பதிலா "தொப்பி"ன்னு சொல்லிக் குடுத்தா அதுக்கும் உருளும். தமிழ்லயே பேசிப் பழக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு இதவிட சுலபமான வழி கிடையாது. குறைன்னு பாத்தா ரெண்டு. ஒரே மாதிரி ஒலிக்கிற கட்டளைங்க வெச்சா குழம்பும், "படு", "எடு" ரெண்டையும் நான் வெச்சுட்டு பட்ட பாடு இருக்கே. அடுத்தது, சொல்லிக் குடுத்த ஆள் குரலுக்குத்தான் ஒழுங்கா வரும், நான் பழக்கின நாய் மருமக கூப்பிட்டா ஆகாசத்தப் பாத்துச்சு. இது நின்டென்டோ கைக்கருவிக்கான கேம்ங்கிறதால கம்ப்யூட்டர்ல விளையாட எமுலேட்டர், அதாவது அந்தக் கருவி மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர் வேணும், மெலான்டிஎஸ்ங்கிற எமுலேட்டர்ல மைக் வசதி இருக்கு, ஆனா கார்ட்ரிட்ஜ் கையில வெச்சிருக்கீங்களா இல்லையாங்கிறது உங்க மனசாட்சி.

கேம்னு வந்தாச்சு, ரெண்டு கிழவங்களப் பத்தி சொல்லாம தாண்ட முடியாது, ஏன்னா நான் முடிவெடுத்தது இவங்களப் பத்தி யோசிச்சுதான்.

1998 டிசம்பர்ல ஜப்பான்ல நின்டென்டோ 64ங்கிற கேம் மெஷினுக்கு, போக்கிமான் கார்ட்டூன்ல வர்ற பிகாச்சுவ வெச்சு ஒரு கேம் வந்துச்சு, அமெரிக்காவுல 2000ல "ஹே யூ பிகாச்சு"ங்கிற பேர்ல. கூடவே ஒரு தனி குரல் கருவி, கன்ட்ரோலர்ல மாட்டுற மைக், இசட் பட்டன அமுக்கிட்டு பேசணும். அது குழந்தைங்களோட கீச்சுக் குரலுக்கு ஏத்தாப்ல ட்யூன் பண்ணினது, பெரியவங்க அடித்தொண்டைல பேசினா திணறும். வளந்த ஆம்பளைங்க ஹால்ல உக்காந்து மூக்கால பேசி பிகாச்சுவக் கூப்பிட்டிருக்காங்க, நெனச்சாலே சிரிப்பு வருது. ஆனா அந்த கேம்ல புத்திசாலித்தனமா ஒரு வேலை பண்ணியிருக்காங்க, பிகாச்சு ஒரு சின்னப் பிராணி, அதுக்கு கவனம் சிதறும், அதனால சொன்னது புரியலன்னா தலையச் சாய்க்கும், இல்லாட்டி வேற பக்கம் ஓடிப் போயிடும். அது மெஷினோட தோல்வியா பிராணியோட குறும்பான்னு பாக்குறவனுக்குத் தெரியாது.

அடுத்த ஆள் சீமேன், 1999ல ட்ரீம்காஸ்ட்ங்கிற கேம் மெஷின்ல வந்தான். மனுஷ மூஞ்சி வெச்ச மீன், சத்தியமா, பாத்தா ராத்திரி தூக்கம் வராது. தொட்டில வெப்பத்தையும் ஆக்சிஜனையும் பாத்துக்கணும், தெனம் ஒரு தடவையாவது எட்டிப் பாக்கணும், இல்லாட்டி செத்துப் போகும். கொஞ்சம் வளந்ததும் உங்க வயசு என்ன, என்ன வேலை பாக்குறீங்கன்னு கேக்க ஆரம்பிப்பான், சொன்னத ஞாபகம் வெச்சு பின்னாடி குத்திக் காட்டுவான். இங்கிலீஷ் பதிப்புல கதை சொல்ற குரல் ஸ்டார் ட்ரெக் நடிகர் லியோனார்ட் நிமாய். இவனோட தந்திரம் என்னன்னா, உங்களக் கண்டபடி பேச விடமாட்டான், கேள்வி அவன் கேப்பான், நீங்க ஆமா இல்ல, ஒரு தேதி, ஒரு தொழில்னு சுருக்கமா பதில் சொல்ல வேண்டிய மாதிரி வழிய அடைச்சு வெச்சிருப்பான். அப்ப அவன் காதுல விழ வேண்டிய வார்த்தை தன்னால குறைஞ்சுடுது. புரியாட்டி எரிச்சலா பேசுவான், அவன் குணமே அதுதாங்கறதால நமக்கு கோவம் வராது. அந்தக் காலத்து மெஷின வெச்சுக்கிட்டு எப்பிடி சமாளிச்சிருக்காங்க பாருங்க.

அதனால நான் எல்லாத்துக்கும் வெச்ச பரீட்சை ஒண்ணே ஒண்ணுதான். எத்தன வார்த்தை புரியுதுன்னு பாக்கல, புரியாதப்ப என்ன பண்ணுதுன்னு பாத்தேன். வேணும்னே உளறிப் பாருங்க. நல்ல பிராணி தலையச் சாய்க்கும், காதத் தூக்கும், கொட்டாவி விடும். மட்டமான பிராணி "மன்னிக்கவும், மீண்டும் கூறவும்"னு பெட்டி போடும், அந்த நிமிஷமே அது நாய் இல்ல, ஒரு கஸ்டமர் கேர்.

மூணாவது வகை இப்ப எல்லாரும் பேசுறது, ஏஐ பிராணி. நீங்க பேசுறத ஒரு எஞ்சின் எழுத்தா மாத்தும், அத சாட்ஜிபிடி மாதிரி ஒரு மொழி மாடல் படிச்சு பதில் யோசிக்கும், அந்த பதில இன்னொரு எஞ்சின் குரலாக்கும். மொத வேலைக்கு பெரும்பாலும் விஸ்பர், 2022 செப்டம்பர்ல ஓப்பன்ஏஐ இலவசமா விட்டது, 6,80,000 மணி நேர ஆடியோவ வெச்சுப் பழக்கினது, தமிழும் கேக்கும். மாடலோட அளவ பாராமீட்டர்னு ஒரு கணக்குல சொல்வாங்க, இதுல குட்டி மாடல் 3.9 கோடி பாராமீட்டர், பெருசு 155 கோடி, நடுவுல இன்னும் சில சைஸ். குட்டி வேகமா ஓடும் ஆனா தமிழ்ல சொதப்பும், பெருசுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேணும். அது போக விஸ்பர் ஒலிய 30 விநாடித் துண்டா எடுத்துப் பாக்குற மாதிரி கட்டினது, வோஸ்க் மாதிரி கூடவே கேட்டுக்கிட்டு வராது, நீங்க பேசி முடிச்சப்புறம்தான் வேலைய ஆரம்பிக்கும். நீங்க "வா"ன்னு சொல்லி, அது எழுதி, யோசிச்சு, குரலாக்கி, நாய் திரும்பிப் பாக்குறதுக்குள்ள என் லேப்டாப்ல நாலஞ்சு விநாடி. நாலு விநாடி கழிச்சு திரும்பிப் பாக்குற நாய நிஜத்துல வெட்னரி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. விஸ்பருக்கு இன்னொரு வியாதி, யாரும் பேசாம ரூம் அமைதியா இருக்கறப்ப இல்லாத வாக்கியத்த தானா எழுதிடும், ராத்திரி பதினொரு மணிக்கு நான் வாயே தொறக்கல, விஸ்பர வெச்சு ஓடின அந்தப் பஞ்சு உருண்டை "நன்றி, மீண்டும் சந்திப்போம்"ங்கிறதுக்கு பதில் சொல்லிட்டு இருந்துச்சு. தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு.

ஆனா பேச்சுத் துணைக்குன்னு பாத்தா இத அடிச்சுக்க ஆள் இல்லங்கறதயும் சொல்லணும். மருமக அதுகிட்ட பள்ளிக்கூடத்துல நடந்தத எல்லாம் கொட்டினா, அதுவும் சலிக்காம கேட்டு கேள்வி கேட்டுச்சு. பிரச்சனை என்னன்னா அது ரொம்ப நல்லாப் பேசுது. நாய்ங்கிறது நாம பேச அது கேக்குறது, இங்க நாம ஒரு வரி சொன்னா அது நாலு வரி அறிவுரை சொல்லுது, ஒரு வாரத்துல அது செல்லப்பிராணியா இல்லாம இன்னொரு டீச்சரா ஆயிடுச்சு. செட்டிங்ஸ்ல "ஆறு வார்த்தைக்கு மேல பேசாதே, பாதி நேரம் குரை மட்டும்"னு எழுதிப் போட்டேன், கொஞ்சம் தேவல. முழுசா உங்க மெஷின்லயே ஓட்டணும்னா சின்ன மொழி மாடலுக்கே ரெண்டு மூணு ஜிபி மெமரி ஒதுக்கணும், இல்லாட்டி ஆன்லைன் சேவைய கோத்துவிடணும், அப்ப ஒவ்வொரு வாலாட்டலுக்கும் மீட்டர் ஓடும்.

இதுல காசு கட்டி வாங்கின ஒண்ணப் பத்தி மட்டும் சொல்லிடறேன், பேர் வேணாம். விளம்பரத்துல "எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே"ன்னு இருந்துச்சு, ஒரு நாள் நெட் போச்சு, பூனை அப்பிடியே கண்ண மூடித் தூங்கிடுச்சு, கத்தினாலும் எந்திரிக்கல, நெட் வந்ததும் சோம்பல் முறிச்சு எந்திரிச்சுது. அப்ப நாங்க பேசின பேச்செல்லாம் இத்தன நாளா எங்க போயிட்டிருந்துச்சு? அன்னிலேர்ந்து எதப் போட்டாலும் மொத வேலையா வைஃபைய அணைச்சுட்டு கூப்பிட்டுப் பாக்குறேன், பதில் வந்தா உள்ளயே கேக்குது, வரலைன்னா வெளிய அனுப்புது. விண்டோஸ்ல மைக்க யாராச்சும் உபயோகிச்சா கீழ டாஸ்க்பார்ல ஒரு மைக் அடையாளம் வரும், பிராணிய மூடினப்புறமும் அது எரிஞ்சா உடனே நீக்கிடுங்க. குழந்தை உபயோகிக்கிறதா இருந்தா இதுல விட்டுக் குடுக்கவே கூடாது. பான்ஸி படின்னு 1999ல ஒரு ஊதாக் கொரில்லா வந்துச்சு, டெஸ்க்டாப்ல பாட்டுப் பாடும் ஜோக் சொல்லும், பாக்க அப்பாவி, குழந்தைங்க விவரத்த பெத்தவங்க அனுமதி இல்லாம வாங்கினதுக்காக 2004ல அந்த கம்பெனி அமெரிக்காவுல 75,000 டாலர் அபராதம் கட்டுச்சு.

மைக் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா பாதிப் பேர் மைக் சரியில்லாம நாயத் திட்டுறாங்க. லேப்டாப்போட சொந்த மைக்குல கீபோர்டு சத்தமும் ஃபேன் சத்தமும் விழும், உங்க வாய்க்கும் தூரமா இருக்கு, அதனால வயர் வெச்ச சாதாரண ஹெட்செட்டே அதவிட மேல். புளூடூத் ஹெட்செட்ல மைக்க ஆன் பண்ணினா பாட்டுத் தரம் டபக்னு இறங்கிடும், பயப்படாதீங்க, அது அப்பிடித்தான். ஸ்பீக்கர்ல வெச்சுக்கிட்டு விளையாடினா இன்னொரு கூத்து நடக்கும், நாய் குரைக்கும், அந்த சத்தம் மைக்குக்குள்ள போகும், அத யாரோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சு திரும்பக் குரைக்கும், நாள் பூரா அதுக்கு அதுவே பேச்சுத் துணை. எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்குறத விட ஒரு கீய அமுக்கிட்டு பேசுற மாதிரி வெச்சுக்கிட்டா இந்தத் தொல்லை பாதி தீரும், கூப்பிட்டா ஓடி வர்ற சுகம் கொஞ்சம் குறையும்தான். பேர் வெக்கறப்போ ரெண்டு மூணு அசை வர்ற மாதிரி, வீட்ல ஒரு நாளைக்கு நூறு தடவ புழங்காத பேரா வைங்க. நாங்க மொதல்ல "மணி"ன்னு வெச்சோம், மணி என்னன்னு யார் கேட்டாலும் ஓடி வந்துச்சு.

சரி, எது யாருக்கு. குட்டிக் குழந்தைய கொஞ்ச நேரம் சிரிக்க வெக்கணும்னா திருப்பிச் சொல்ற பூனை போதும், நடுவுல வர்ற விளம்பரத்துல மட்டும் கவனமா இருங்க. ஒரே ஆள் பொறுமையா உக்காந்து தமிழ்லயே பழக்கணும்னா சொல்லிக் குடுக்குற வகை, அதுல வர்ற பாசம் வேறெதுலயும் வரல எனக்கு. தனியா இருக்கீங்க, பேச ஒரு ஆள் வேணும், நல்ல கம்ப்யூட்டரும் இருக்குன்னா ஏஐ பிராணி, ஆனா உள்ளயே ஓடுறதா பாத்து. சீமேன ட்ரீம்காஸ்டோடயும் மைக்கோடயும் யாராச்சும் குடுத்தா தயங்காம வாங்கிக்கோங்க, எனக்கும் ஒரு ஃபோன் போடுங்க. மத்தபடி வீட்ல நாலு பேரு உபயோகிக்கணும், பழைய லேப்டாப், குழந்தையும் இருக்குன்னா எண்ணி வெச்ச வார்த்தைக்காரன்தான் என் ஓட்டு.

எங்க ஸ்கிரீன்ல இப்ப இருக்குறது அந்தப் பதினாலு வார்த்தை நாய்தான். பேர "பூந்தி"ன்னு மாத்தியாச்சு. வரம்ப எழுபது சதவீதத்துல வெச்சா நான் கூப்பிட்டாலும் அவ கூப்பிட்டாலும் வருது, நண்பன்கிட்ட சொல்லி புரியாதப்ப காத சொறியுற மாதிரி ஒரு அசைவு சேக்கச் சொன்னேன். போன வாரம் அவ அஞ்சாறு தடவ "பூந்தி, படு"ன்னு சொல்லியும் அது காதச் சொறிஞ்சுக்கிட்டே நின்னுச்சு. மைக் வயர் கழண்டு கெடந்தது எனக்குத் தெரியும், அவ என்னப் பாத்து "மாமா, பூந்திக்கு இன்னிக்கு மூடு சரியில்ல, விட்டுடலாம்"னா.